நிறம் அச்சில், நிழல் அட்டையில்

தண்டவாளம் பதித்தாயிற்று, மின்சாரம் கொடுத்தாயிற்று, வண்டியும் ஓடுகிறது. இருந்தும் பார்ப்பவர்களுக்கு அது பலகைமேல் சுற்றும் பொம்மையாகத்தான் தெரிகிறது. ஓர் எஞ்சின் எவ்வளவு பெரியது என்று கண் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் கதவு, ஜன்னல், செங்கல் வரிசை, கூரை ஓடு இவற்றை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அதனால் ரயில் மாதிரிக்கு உயிர் கொடுப்பதில் பாதி வேலை கட்டடத்தினுடையது.

செங்கல் செங்கலாக வரைந்து வண்ணம் தீட்டுகிறவர்கள் உண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் பெண்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 1:76 அளவில் ஒரு கிராமப்புறத்தையே அட்டையில் கட்டியிருக்கிறார்கள். சுவரில் கோடு கீறி, ஒவ்வொரு கல்லுக்கும் நீர்வண்ணம் பூசிய வேலை. ஒரு வீட்டுக்கே மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பொறுமை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அச்சிட்ட அட்டையில் வீடு கட்டும் வழக்கமும் அதே இங்கிலாந்தில் பழசுதான். சூப்பர்குவிக், மெட்காஃப் போன்ற நிறுவனங்கள் அச்சிட்ட அட்டைத் தொகுப்புகளை விற்கின்றன. ஸ்கேல்சீன்ஸ் கோப்பாகவே விற்கிறது, வீட்டில் அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் அவை எல்லாம் ஆங்கிலேய ஊர்களின் சுவர்கள். நம்மூர் மீட்டர் கேஜ் கூட்ஸ் ஷெட்டின் மங்கிய செங்கல்லும் மங்களூர் ஓடும் அங்கே கிடைக்காது. நாமே படம் எடுத்துத்தான் ஆகவேண்டும். 1992இல் ஒரே அகலப்பாதைத் திட்டம் தொடங்கியபின் மீட்டர் கேஜ் தடங்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அந்தக் காலத்துக் கட்டடம் ஏதாவது உங்கள் ஊரில் மிச்சமிருந்தால், இந்த அத்தியாயத்தைப் படித்து முடிப்பதற்குள் போய்ப் படம் எடுத்துவிடுவது நல்லது.

எதை அச்சிடலாம்

முதலில் ஒரு கணக்கு. நாம் இந்த நூலில் எடுத்துக்கொண்டிருக்கும் எச்.ஓ. அளவு 1:87. அதாவது ஒரு மில்லிமீட்டர் அட்டை நிஜத்தில் 87 மி.மீ. கனம். சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அது நிஜத்தில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு சுவர் முன்னால் போய் நில்லுங்கள்.

செங்கல்லுக்கு நடுவே ஓடும் சாந்துக் கோடு எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது? மிஞ்சிப்போனால் ஒரு சென்டிமீட்டர். மாதிரியில் அது ஒரு தாளின் கனம். அரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்கு அந்தப் பள்ளம் தெரியவே தெரியாது, நிற வேறுபாடு மட்டும்தான் தெரியும். ஆகவே அச்சிடலாம். கதவுச் சட்டம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் புடைத்திருக்கும், 300 ஜி.எஸ்.எம். அட்டையின் கனம் அதற்குச் சரியாக வரும். தனியாக அச்சிட்டு, வெட்டி, மேலே ஒட்ட வேண்டும். ஜன்னல் சுவருக்குள் 10 முதல் 20 செ.மீ. வரை உள்வாங்கியிருக்கும். மாதிரியில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். அதை அச்சில் காட்டினால் யாரையும் ஏமாற்ற முடியாது. தலையைக் கொஞ்சம் அசைத்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைக் கட்டியாக வேண்டும். இறவாரம், சன்ஷேடு, பேஸ்மட்டம், படிக்கட்டு எல்லாம் இந்த வகை.

சுருக்கமாகச் சொன்னால், நிறத்தை அச்சு பார்த்துக்கொள்ளும். நிழலை அட்டையில் கட்டவேண்டும். இந்த அத்தியாயத்தில் மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

இதனாலேயே எந்தக் கட்டடத்தை முதலில் எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஆசை நேராக எழும்பூர்மேல் போகும், அல்லது 1856இல் திறந்த ராயபுரம் நிலையத்தின்மேல். ராயபுரத்தின் அழகே அதன் தூண்வரிசை. உருண்டைத் தூணைத் தட்டை அச்சில் கொண்டுவர முடியாது. மேலும், நூறு மீட்டர் கட்டடம் என்றால் மாதிரியில் 115 செ.மீ.; கட்டிலில் பாதியை அடைத்துக்கொள்ளும். கேட் கீப்பர் அறை, கேபின், கூட்ஸ் ஷெட் போன்ற தட்டைச் சுவர்க் கட்டடங்களில் கைபழகிவிட்டு அங்கே போகலாம்.

நாம் ஒரு கூட்ஸ் ஷெட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 மீட்டர், அகலம் 6, சுவர் உயரம் 4. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. மாதிரியில் 138 மி.மீ., 69 மி.மீ., 46 மி.மீ. உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம்.

படம் எடுப்பது

வெயில் நாளில் படம் எடுக்காதீர்கள். வெயிலில் சுவர் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இறவாரத்தின் நிழல் சுவரில் கோடாக விழுந்து அதுவும் படத்தில் ஏறிவிடும். பிறகு மாதிரிக்கு நிஜ இறவாரம் வைப்பீர்கள். உங்கள் அறை விளக்கில் அதற்கு ஒரு நிழல் விழும். ஆக ஒரே கூரைக்கு இரண்டு நிழல், அதுவும் இரண்டு திசையில். இந்தக் கலையில் மிக அதிகமாகப் பார்க்கக் கிடைக்கும் கோளாறு இதுதான். மேகம் மூடிய ஐப்பசி, கார்த்திகைக் காலை உகந்தது. மழை விட்ட உடனே போகவேண்டாம். ஈரச் செங்கல் கறுத்துக் கிடக்கும், அந்த நிறம் பிறகு கையைவிட்டுப் போகாது.

சுவருக்கு நேர் எதிரே, அதன் நடுவுக்கு நேராக நில்லுங்கள். எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போய், ஃபோனில் இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கிட்ட நின்று அகன்ற லென்ஸில் எடுத்தால் நேர்ச் செங்கல் வரிசை வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். படத்தின் நுணுக்கம் போதுமா என்று பலர் கவலைப்படுகிறார்கள். அது வீண் கவலை. 12 மீட்டர் சுவர் 4,000 புள்ளி அகலத்தில் பதிவானால் ஒரு புள்ளி 3 மி.மீ. சுவரைக் காட்டுகிறது. அதை 138 மி.மீ.க்குச் சுருக்கினால் அங்குலத்துக்கு 700 புள்ளிக்குமேல் வரும். அச்சுக்கு 300 போதும்.

கையில் டேப் கட்டாயம் வேண்டும். கதவின் அகலத்தையும், பத்துச் செங்கல் வரிசையின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று அங்குல வரிசை என்றால் பத்துக்கு 30 அங்குலம், மாதிரியில் 8.75 மி.மீ. ஆனால் நாட்டுச் செங்கல் இதைவிட ஒல்லியாக இருக்கும். ஊருக்கு ஊர் மாறும். அதனால்தான் அளக்கச் சொல்கிறேன். ரயில்வே இடத்துக்குள் போவதாக இருந்தால் நிலைய அதிகாரியிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். “சார், வீட்டுல இந்த ஸ்டேஷனைச் சின்னதா செஞ்சு வைக்கப்போறேன்” என்றால் பெரும்பாலும் முகம் மலரும், கூடவே இடிந்துபோன பழைய கேபின் எங்கே இருந்தது என்ற கதையும் கிடைக்கும்.

முழுச் சுவர் எடுத்தபின் கிட்டப் போய்த் துண்டு துண்டாகவும் எடுங்கள். கறையே இல்லாத செங்கல் பரப்பு ஒன்று, தண்ணீர் வழிந்து பாசி பிடித்த இடம் ஒன்று, கதவு, கம்பி ஜன்னல், கல் பாவிய மேடை விளிம்பு. கண்ணாடி ஜன்னலை எடுக்கும்போது கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள், இல்லையென்றால் உங்கள் கூட்ஸ் ஷெட்டுக்குள் ஃபோனைத் தூக்கிப் பிடித்த ஓர் ஆள் நிரந்தரமாகக் குடியிருப்பார்.

கணினியில்

ஜிம்ப் போதும், இலவசம். முதல் வேலை, சாய்ந்த படத்தை நிமிர்த்துவது. பெர்ஸ்பெக்டிவ் கருவியில் சுவரின் நான்கு மூலைகளைப் பிடித்துச் செவ்வகத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு, அளந்து வைத்த கதவு மாதிரி அளவுக்கு வரும்வரை படத்தைச் சுருக்குங்கள். ஒரு மீட்டர் கதவு 11.5 மி.மீ. அதன்பின் பத்துச் செங்கல் வரிசையைச் சரிபாருங்கள். கதவு சரியாகி வரிசை தவறினால் படம் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது என்று பொருள்.

சுவரின் நீளம் முழுக்க ஒரே படம் கிடைப்பது அபூர்வம். முன்னால் லாரி நிற்கும், புதர் மண்டியிருக்கும். அப்போது நல்ல பரப்பு ஒன்றை வெட்டி, அடுத்தடுத்து வைத்து நிரப்பத்தான் வேண்டும். ஆபத்தும் அங்கேதான். வெட்டிய துண்டில் ஒரு வெள்ளைக் கறையோ உடைந்த கல்லோ இருந்தால், அது நாலு இடத்தில் ஒரே இடைவெளியில் தோன்றும். மனிதக் கண் மற்றதையெல்லாம் மன்னித்தாலும் இதை மன்னிக்காது. எனவே அடிப்படைச் செங்கல் பரப்பைச் சப்பென்று, அடையாளமே இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப்செட் கட்டளையில் படத்தைப் பாதி நகர்த்தினால் ஓரங்கள் நடுவே வந்து நிற்கும். அந்தத் தையலைக் குளோன் கருவியால் மறைக்கலாம். கறை, பாசி, உதிர்ந்த பூச்சு இவற்றைத் தனி அடுக்கில் ஓரிடத்தில் ஒருமுறை மட்டும் வையுங்கள். மழைநீர்க் குழாய்க்குக் கீழே பாசி, மூட்டை உரசும் கதவோரம் தேய்மானம், நடைமேடை ஓரத்தில் வெற்றிலை எச்சில். காரணம் இல்லாத கறை எங்கும் வேண்டாம்.

படத்தில் ஏற்கெனவே இருக்கும் இறவார நிழலையும் சன்ஷேடு நிழலையும் அழித்துவிடுங்கள். மேல் மூன்று வரிசையை நீக்கிவிட்டு நடுச்சுவரின் வரிசைகளை அங்கே ஒட்டினால் போதும்.

நிறத்தைப் பொறுத்தவரை திரையை நம்பாதீர்கள். அதே சுவரை வெளிச்சம் கூட்டி, நிறச் செறிவு குறைத்து, ஆறு விதமாக ஒரே தாளில் அச்சிட்டு, உங்கள் ரயில் பலகைமேல், அங்கே எரியும் விளக்கில் வைத்துப் பாருங்கள். அநேகமாக, திரையில் வெளுத்துப்போனதாகத் தெரிந்த ஒன்றுதான் அங்கே பொருத்தமாக இருக்கும். வெளியே வெயிலில் பார்த்த செங்கலை வீட்டு விளக்கில் பார்க்கிறோம், அதனால் ஒரு படி வெளுக்க வைப்பது வழக்கம்.

அச்சுக் கடையில்

இங்க்ஜெட்டா, லேசரா? லேசர் அச்சு தண்ணீருக்கு அஞ்சாது, ஆனால் டோனர் மினுமினுக்கும், மடிக்கும் இடத்தில் வெடித்து வெள்ளைக்கோடு காட்டும். இங்க்ஜெட் மென்மையாக, மங்கலாக வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஒழுகிவிடும். சுவருக்கும் கூரைக்கும் மேட் தாளில் இங்க்ஜெட்டையே சொல்வேன், பிக்மென்ட் மை கிடைத்தால் இன்னும் நல்லது. கிளாஸி தாள் பக்கம் போகவே வேண்டாம். பளபளக்கும் செங்கல் உலகத்தில் எங்கும் இல்லை.

பக்கத்தின் மூலையில் சரியாக 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு வையுங்கள். கடைக்காரர் பழக்கதோஷத்தில் பக்கத்துக்குப் பொருந்துமாறு சுருக்கிவிடுவார். “அண்ணே, ஃபிட் போடாதீங்க, ஆக்சுவல் சைஸ்லயே அடிங்க” என்று சொல்லிவிட்டு, முதல் தாள் வந்ததும் அங்கேயே ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். 97 மி.மீ. இருந்தால் மீதியை அடிக்க விடாதீர்கள். எல்லாத் தாளையும் ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில் எடுங்கள். மறுநாள் எடுத்த கோம்பைச் சுவர் முன்சுவரோடு நிறம் சேராது.

வெட்டுவதும் ஒட்டுவதும்

சுவருக்கு 2 மி.மீ. கிரே போர்டு. நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்கிற கடைகளில் கிடைக்கும். போர்டு விளம்பரக் கடைகளில் விற்கும் 3 மி.மீ. சன் போர்டும் நல்லது, ஈரத்துக்கு வளையாது. அட்டையின் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் காய்ந்ததும் அப்பளம்போல் வளையும். பின்பக்கத்திலும் வெற்றுத்தாள் ஒன்றை ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு வையுங்கள். ஃபெவிகாலை ஊற்றாமல், பழைய விசிட்டிங் கார்டால் வழித்து மெல்லியதாகப் பூசவேண்டும். அதற்கும் முன்னால் அச்சின்மேல் மேட் வார்னிஷ் ஸ்பிரேயை லேசாக இரண்டு மூன்று முறை அடித்துக் காயவிட்டால் பசை ஈரத்தில் மை கலையாது. மைதா பசை வேண்டவே வேண்டாம். கரப்பானும் ராமபாணப் பூச்சியும் அதற்காகவே காத்திருக்கின்றன.

ஜன்னல், கதவுத் துளைகளை முதலில் வெட்டுங்கள், வெளி ஓரத்தைக் கடைசியில். ஓரம் முழுதாக இருக்கும்வரை அட்டையைப் பிடித்துக்கொள்ள இடம் இருக்கும். ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல், ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து ஐந்தாறு மென்மையான கீறல். பிளேடு முனையை அடிக்கடி உடைத்துப் புதுமுனை எடுங்கள். மழுங்கிய பிளேடு தாளைக் கிழிக்கும், அந்தச் செலவு பிளேடு விலையைவிட அதிகம்.

வெட்டியதும் ஓரத்தில் தாளின் வெள்ளை பல்லை இளிக்கும். கலர் பென்சிலால் அல்லது கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையில் போஸ்டர் கலரால் ஒவ்வொரு வெட்டு ஓரத்தையும் செங்கல் நிறத்துக்கு மாற்றுங்கள். சலிப்பான வேலைதான். இதைச் செய்த கட்டடத்தையும் செய்யாததையும் பக்கத்தில் வைத்தால், வேறு விளக்கம் தேவைப்படாது.

மூலையில் இரண்டு சுவர்த் தாள்கள் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. முன்சுவரின் அச்சைப் பக்கச் சுவருக்கும் சேர்த்து நீளமாக எடுத்து, பின்புறம் லேசாகக் கீறி, மூலையைச் சுற்றி மடித்து ஒட்டுங்கள். செங்கல் வரிசை தொடர்ந்து திரும்பும். ஒரு வரிசை ஏறி இறங்கினாலும் தெரியும், எனவே கீழிருந்து நாலாவது வரிசையில் பென்சில் குறி வைத்துப் பொருத்துங்கள்.

ஜன்னலுக்கு மூன்று அடுக்கு. வெளியே துளையுள்ள சுவர். துளையின் உள்பக்கங்களில் வெள்ளையடித்த நிறத்தில் மெல்லிய தாள் கீற்று. பின்னால் மர நிறத்தில் அச்சிட்ட சட்டம். கம்பிகளை மட்டும் படத்திலிருந்து எடுக்காதீர்கள். 12 மி.மீ. கம்பி மாதிரியில் 0.14 மி.மீ., பழைய மோட்டாரில் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி அந்தக் கனத்துக்குக் கிடைக்கும். அதைக்கூட ஒட்டப் பொறுமையில்லை என்றால் ஓ.எச்.பி. தாளில் கறுப்புக் கோடுகளாக லேசரில் அச்சிட்டு வைக்கலாம். எல்லாவற்றுக்கும் பின்னால் கறுப்புத் தாள். இல்லாவிட்டால் ஒரு ஜன்னல் வழியாக எதிர் ஜன்னலும் அதற்கப்பால் உங்கள் வீட்டு ஃபேன் ஸ்விட்ச்சும் தெரியும்.

கூரை

ரயில் மாதிரியை மேலிருந்துதான் பார்க்கிறோம். சுவரைவிடக் கூரைதான் அதிகம் கண்ணில் படும், ஆகவே உழைப்பையும் அங்கே கொட்டுங்கள். முழுக் கூரையையும் ஒரே படமாக ஒட்டினால் ஓடு வரைந்த கம்பளம் விரித்ததுபோல் கிடக்கும்.

மங்களூர் ஓட்டின் அளவு சுமாராக 41 செ.மீ.க்கு 23.5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறியபின் வெளியே தெரிவது சுமார் 32 செ.மீ. மாதிரியில் 3.7 மி.மீ. உயரம், 2.7 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவான அகலம். ஓட்டுப் படத்தை 160 ஜி.எஸ்.எம். தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு வரிசையையும் 6 மி.மீ. அகலக் கீற்றாக வெட்டுங்கள். கீழே 3.7 மி.மீ. தெரியவேண்டிய பகுதி, மேலே மிச்சம் அடுத்த கீற்றுக்கு அடியில் மறையும். கீழ் ஓரத்தைக் காவிப் பழுப்புப் பென்சிலால் இழுத்துவிட்டு, இறவாரத்திலிருந்து முகடுவரை ஒட்டிக்கொண்டே போங்கள். நம் கூட்ஸ் ஷெட்டின் சரிவு 4 மீட்டர், அதாவது 46 மி.மீ.; பதின்மூன்று கீற்று வரும். ஒவ்வொரு கீற்றின் கனமும் ஒரு மெல்லிய நிழலைப் போடும். இதைத்தான் எந்த அச்சும் தராது. ஒன்றிரண்டு ஓட்டை மட்டும் புது ஓட்டின் ஆரஞ்சு நிறத்தில் மாற்றி ஒட்டுங்கள். குரங்கு உடைத்து, ஆள்விட்டு மாற்றிய ஓடு இல்லாத கூரை எந்த ஊரில் இருக்கிறது? முகட்டு ஓட்டுக்கு, குறுகலான கீற்றை ஊசி உடம்பில் சுற்றி வளைத்து வரிசையாக அடுக்குங்கள்.

எழுத்தும் போஸ்டரும்

இங்கே அச்சுதான் ராஜா. கையால் எந்த ஓவியரும் செய்ய முடியாததை ஃபோன் படம் செய்துவிடும்: பாதி கிழிந்த சினிமா போஸ்டர், அதன்மேல் டுடோரியல் விளம்பரம், அதற்கும் மேல் கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே ‘விளம்பரம் செய்யாதீர்’. நேராகப் படமெடுத்து, சுருக்கி, மெல்லிய தாளில் அச்சிட்டு, பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து இன்னும் மெலிதாக்கி ஒட்டுங்கள். ஒரு முனையை ஒட்டாமல் விடலாம்.

நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகை இதற்கு விதிவிலக்கு. அதைப் படமாகச் சுருக்கினால் எழுத்து குழம்பும். இங்க்ஸ்கேப்பில் மஞ்சள் கட்டம் போட்டு, தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றையும் கறுப்பில் நீங்களே அடித்து அச்சிடுங்கள். அடியில் கடல் மட்ட உயரத்தையும் விட்டுவிடாதீர்கள். யாராலும் படிக்க முடியாத அளவில்தான் இருக்கும். இருந்தும் அந்தக் கோடு இல்லாவிட்டால் நம்மூர்க்காரர்கள் “என்னமோ குறையுதே” என்பார்கள்.

நிறுத்திய பிறகு

கட்டடத்தைத் தரைமேல் வைக்காதீர்கள், தரைக்குள் இறக்குங்கள். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே முடியளவு வெளிச்சம் தெரிந்தாலும் மொத்த உழைப்பும் பெட்டி வைத்ததுபோல் ஆகிவிடும். பேஸ்மட்டத்தை 2 மி.மீ. நீட்டிக் கட்டி, சுற்றிலும் சலித்த மண்ணைத் தூவிப் பசை விடுங்கள். சொட்டு மருந்துப் புட்டி போன்ற ஒன்றால் மெதுவாக விட்டால் சுவர் நனையாது. தூசு, புகைக்கரி எல்லாவற்றுக்கும் உலர்ந்த சாக்பீஸ் தூளும் மென்மையான தூரிகையும் போதும். நீர்த்த வண்ணத்தை இங்க்ஜெட் சுவரில் வழியவிடாதீர்கள். உள்ளே எல்.இ.டி. வைப்பதாக இருந்தால் சுவரின் உட்பக்கத்தைக் கறுப்படித்துவிடுங்கள், இல்லையென்றால் ராத்திரியில் செங்கல் சுவர் பேப்பர் விளக்குக்கூடாக ஒளிரும்.

வெயில் விழும் ஜன்னலோரத்தில் ரயில் பலகை இருந்தால் அச்சு நிறம் போகும். முதலில் சிவப்பு வெளுக்கும், செங்கல் சுவருக்கு அதுதான் பெரிய கேடு. திரை போடுங்கள். அச்சிட்டதில் மீந்த தாள்களைப் பீரோவில் பூட்டி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இரண்டு வருஷம் கழித்து ஒரு மூலை பெயர்ந்து, அந்தத் தாளை எடுத்து ஒட்டுப்போட்டால், ஒட்டு மட்டும் புதுச் செங்கலாகப் பளிச்சென்று நிற்கும். மீந்ததில் ஒரு தாளைக் கட்டடம் இருக்கும் அதே வெளிச்சத்தில், பலகையின் பக்கவாட்டில் குத்தி வையுங்கள். சுவரோடு சேர்ந்து அதுவும் வெளுக்கும், ஒட்டுப்போட அதையே எடுக்கலாம்.